தலைக்கு மேலே போன கம்பி

அவரை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். துறையின் சம்பளப் பட்டியலில் அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை அதைச் சத்தம்போட்டுப் படிக்கும்போது, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே ஒரு நிமிடம் சும்மா நிற்பார். ஆறடி மூன்று அங்குலம் உயரம். "நமக்கு ஏணியைக் கொடுத்த ஆபீஸ், இவருக்கு மட்டும் காலாவே கொடுத்துட்டாங்க" என்பது சக லைன்மேன்களின் பழைய கேலி.

பத்தொன்பது வயதில் தந்தித் துறையில் கூலியாளாகச் சேர்ந்தார். அப்போதெல்லாம் தொலைபேசி என்பது ஊருக்குள்ளே ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் பேசுகிற சமாச்சாரம். வெளியூருக்குச் சேதி போக வேண்டுமென்றால் தந்திதான். பிறகு இரண்டு பெரிய நகரங்களை நேராக இணைக்கும் ட்ரங்க் லைன் போடுவதென்று முடிவாயிற்று. முந்நூற்று நாற்பது மைல். குழி தோண்டி, கம்பம் நட்டு, பீங்கான் குமிழ் திருகி, தாமிரக் கம்பி இழுக்கிற வேலை. வெயில் காலத்தில் கம்பி தொய்யும், குளிரில் விறைக்கும். இழுக்கிற நாளின் சூடு குளிரைப் பார்த்து எவ்வளவு தொய்வு விடலாம் என்று கணக்குப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். நெட்டை கம்பியை விரலால் ஒரு சுண்டு சுண்டிவிட்டுச் சொல்வார். புத்தகமும் அதையேதான் சொல்லும்.

அந்த லைனுக்கு வந்த இளம் இன்ஜினியர் கல்லூரியிலிருந்து நேராக வந்தவர். முதல் வாரமே பள்ளத்தாக்கு முகாமில் விஷக்காய்ச்சல் கண்டது. பதினோரு நாள் கூடாரத்தில் படுத்த படுக்கை. உடம்பு துடைத்துவிட்டு, கஞ்சி ஊட்டி, வாந்தி அள்ளிப்போட்டது நெட்டைதான். எழுந்து உட்கார்ந்த அன்று இன்ஜினியர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நீங்க எனக்குக் கூடப்பிறக்காத அண்ணன்."

அன்றிலிருந்து தனியாக இருக்கும்போது அவர் "அண்ணே" என்பார். நெட்டை மட்டும் கடைசிவரை "சார்" என்றே சொன்னார். ஆனால் மனசுக்குள் அந்த "அண்ணே" போய் நன்றாகவே உட்கார்ந்துவிட்டது.

லைன் பாதித் தூரம் வந்ததும் மலைமேட்டில் முட்டிக்கொண்டது. மேட்டில் முப்பது வீட்டுக் குடியிருப்பு ஒன்று. அவர்களுக்குப் பொதுவான ஒரு தோப்பு. தோப்பை வகிர்ந்துகொண்டு போனால் லைன் நேராகப் போகும். இல்லையென்றால் சதுப்பைச் சுற்றிப் பதினெட்டு மைல் கூடுதல். ஊர் சம்மதித்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு கிளையைக்கூட வெட்ட முடியாது. அந்த ஊரில்தான் நெட்டை பெண் எடுத்திருந்தார்.

"அண்ணே, நீங்க பேசினாத்தான் நடக்கும்" என்றார் இன்ஜினியர். "மரம் கொடுத்தாங்கன்னா அந்த ஊருக்கு ஒரு ஃபோன். பள்ளிக்கூடத்துலயே மாட்டிடலாம். உலகத்துல எங்க வேணும்னாலும் பேசிக்கட்டும்."

பள்ளிக்கூட அறையில் ஊர் கூடியது. மனைவியின் மூத்த அண்ணன் ஊரின் தச்சர். யார் எது சொன்னாலும் கடைசியில் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இன்ஜினியரை விட்டு நெட்டையைப் பார்த்தார்.

"இந்த சார் இன்னைக்கு இருப்பார், நாளைக்கு மாத்தலாகிப் போயிடுவார். அவர எங்க போய்த் தேடறது? நீங்க எங்க வீட்டு மனுஷன். இது உங்க வாக்கா மாப்ள?"

"என் வாக்குதான் மச்சான்."

நாற்பத்திரண்டு மரம் விழுந்தது. ஒரே வாரத்தில் லாரி லாரியாகப் போய்விட்டது. ஊருக்கென்று விட்ட கொஞ்ச மரத்தில் தன் பங்கிலிருந்து தச்சர் பள்ளிக்கூட மூலையில் ஒரு சின்னக் கூண்டு செய்தார். ஒரு ஆள் நிற்கலாம். கதவுக்குக் கீல், உள்ளே ஃபோன் வைக்க ஒரு பலகை, பேசுகிறவர் முழங்கை ஊன்ற ஒரு சட்டம். கை படும் இடமெல்லாம் மழமழவென்று இழைத்திருந்தார்.

லைன் திறந்தது. மேட்டின் மேலே நாலு கம்பி பளபளவென்று போயிற்று. காற்றடித்தால் ஊரெல்லாம் ரீங்காரம் கேட்கும். ஃபோன் மட்டும் வரவில்லை. நெட்டை ஆபீஸுக்குப் போகும்போதெல்லாம் கேட்பார். கருவி கப்பலில் வருகிறது என்றார் இன்ஜினியர். பிறகு, வந்தது, வேறு ஊருக்குப் போய்விட்டது என்றார். பிறகு, இந்த வருடம் ஒதுக்கீடு இல்லை என்றார். ஒருநாள் ஸ்டோரில் பார்த்தபோது அவரே கூப்பிட்டு மூன்று படிவங்களை நீட்டினார்.

"அண்ணே, உங்க ஊர் ஃபோனுக்குத்தான் எழுதறேன். மேட்டு லைன் உங்க பீட், அதுக்கு நீங்கதானே பொறுப்பு? கீழ ஒரு கையெழுத்து போடுங்க. மேல நான் நிரப்பிக்கறேன்."

நெட்டை பேனாவை வாங்கி மூன்றிலும் போட்டார். நாக்கைத் துருத்திக்கொண்டு, எழுத்து எழுத்தாக. அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம், "உங்க அண்ணனுக்குச் சொல்லி அனுப்பு, இந்தத் தடவ நிச்சயம்" என்றார்.

ஆறு வருடம் போயிற்று. தச்சரின் கூண்டில் துடைப்பமும் சாக்பீஸ் பெட்டியும் வைக்க ஆரம்பித்திருந்தார்கள். ஊரில் யாருக்கும் வராத ஒன்றைப் பற்றிப் பேசும்போது, "ஃபோன் மாதிரி வரும்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. நெட்டை அதைக் கேட்டுச் சிரித்து வைப்பார். தச்சர் மட்டும் அந்தக் கேலியை ஒருநாளும் சொன்னதில்லை. மாப்பிள்ளையின் மானம் தன் மானம் என்று இருந்தார்.

அந்த வருடம் மனைவியின் தங்கை பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்தாள். மனைவியும் துணைக்குப் போயிருந்தாள். காற்றில் மரம் விழுந்து, லைன்மேன்கள் எக்ஸ்சேஞ்சோடு பேசுகிற பழுதுபார்ப்புக் கம்பி அறுந்திருந்ததால் நெட்டையும் மேட்டில்தான் வேலையாக இருந்தார். காலை ஒன்பது மணி இருக்கும். மருத்துவச்சி வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"குழந்தை குறுக்க கிடக்கு. இது என் கையில இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க."

ஆஸ்பத்திரி கீழே டவுனில். நடந்தால் நாலு மணி நேரம். அவளைத் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவில் இறங்க முடியாது. ஆள் ஓடிப்போய் வண்டி கூட்டிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தச்சர் அண்ணாந்து பார்த்தார்.

"மாப்ள, அந்தக் கம்பியில பேச முடியுமா, முடியாதா?"

முடியும். லைன்மேனின் தோல் பையில் ஒரு சோதனை ஃபோன் உண்டு. பழுதுபார்ப்புக் கம்பியில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் எக்ஸ்சேஞ்சில் லைன்களைச் சோதிக்கிற டெஸ்ட் டேபிளில் எடுப்பார்கள். அந்தக் கம்பிதான் அறுந்து தரையில் கிடந்தது. மிச்சமிருப்பது ட்ரங்க் கம்பி, நகரமும் நகரமும் பேசிக்கொள்வது. அதில் கை வைத்தால் வேலை போகும் என்று சேர்ந்த முதல் நாளே எழுதி வாங்கியிருந்தார்கள்.

உள்ளேயிருந்து கொழுந்தியாள் கத்துவது கேட்டது. நெட்டை பையை மாட்டிக்கொண்டு கம்பத்தில் ஏறினார்.

கிளிப்பை மாட்டியதும் காதில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர், பக்கத்து அறையில் இருப்பதுபோல அல்லவா கேட்கிறது என்று மற்றவரைப் பாராட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, மன்னிக்கணும், லைன்மேன் பேசறேன். ஒரு உயிர் விஷயம்" என்று சொல்லிவிட்டு நெட்டை கைப்பிடியைச் சுற்றினார். ஒரு குரல், "யாருய்யா நீ?" என்று பாய்ந்தது. அதற்குமேல் ஒரு பெண் குரல் வந்தது.

"டெஸ்ட் டேபிள். யாரு ட்ரங்க்ல?"

"மேட்டு பீட் லைன்மேன்மா. பிரசவ கேஸ். குழந்தை குறுக்க இருக்கு. ஆஸ்பத்திரி வண்டியும் டாக்டரும் உடனே வேணும்."

"லைன்லயே இருங்க. இறங்காதீங்க" என்றாள் அவள். வேறெதுவும் கேட்கவில்லை. அவள் ஆஸ்பத்திரியைப் பிடித்து, வழி கேட்டு, வண்டி கிளம்பிவிட்டது என்று சொல்லும்வரை பதினோரு நிமிடம் ட்ரங்க் லைன் நெட்டையின் கையில் இருந்தது.

ஒன்றரை மணி நேரத்தில் ஜீப் வந்தது. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. ஆண் குழந்தை. பத்து நாள் அந்த ஊரில் நெட்டைக்கு ராஜ மரியாதை. தச்சர் கண்ணில் தண்ணீரோடு, "மரம் போனது இதுக்காகத்தான்னு வச்சுக்கறேன் மாப்ள" என்றார்.

பதினோராவது நாள் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அன்று லைனில் பேசிக்கொண்டிருந்தது துறையின் தலைமை அதிகாரி. வெளிநாட்டு விருந்தாளி ஒருவருக்கு லைனின் தெளிவைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் கோபத்தில் கேட்ட முதல் கேள்வி நியாயமானதுதான்: அந்த ஊருக்குத்தான் பதிவேட்டில் ஃபோன் இருக்கிறதே, இவன் ஏன் கம்பத்தில் ஏறினான்?

கடிதம் வந்த மறுநாள் இன்ஜினியரே வீட்டுக்கு வந்தார். சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்தார்.

"அண்ணே, ஏதோ கிளார்க் தப்பு. ஊருக்கு ஃபோன் கொடுத்ததா ஏறிப்போச்சு. இப்ப நீங்க போய் ஃபோனே வரலைன்னு சொன்னீங்கன்னா ஃபைல் மேல போகும், ஆடிட் வரும், அந்த ஊருக்கு இந்த ஜென்மத்துல ஃபோன் கிடையாது. கருவி உங்க கைக்கு வந்துச்சு, மாட்டறதுக்கு முன்னாடி உடைஞ்சுபோச்சு, பயந்துட்டு சொல்லலைன்னு சொல்லிடுங்க. ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சுடும். நான் இருக்கேன்ல? ஒரே மாசத்துல புது ஃபோன் மாட்டித் தரேன்."

அவர் போனதும் மனைவி கேட்டாள்: "கிளார்க் தப்புன்னா கிளார்க்குதானே சொல்லணும்? அத ஏன் உங்க தலையில கட்டறாரு?"

"அவர் எனக்குக் கெடுதல் நினைக்க மாட்டாரு."

"நான் நினைக்கறார்னு சொல்லல. நீங்க எதுக்குப் பொய் சொல்லணும்னுதான் கேக்கறேன்."

"உங்க ஊருக்குத்தான்" என்றார் நெட்டை. அது உண்மையும்கூட.

விசாரணை அறையில் மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். இன்ஜினியர் ஒரு ஓரத்தில். நெட்டை சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் பாதியில் வியர்த்துக் கொட்டியது. பயத்தில் வியர்க்கிறது என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் இன்ஜினியர் பக்கம் திரும்பினார்.

"இது உங்களுக்குத் தெரியுமா?"

"இப்பதான் சார் தெரியவருது" என்றார் இன்ஜினியர். "நம்பிக்கையான ஆள்னு நினைச்சிருந்தேன்."

அதுவும் நாடகத்தில் ஒரு வசனம்தான் என்று நெட்டை தன்னையே தேற்றிக்கொண்டார். எட்டாம் நாள் பணிநீக்க உத்தரவு கைக்கு வந்தது. ட்ரங்க் லைனில் குறுக்கிட்டது, அரசுக் கருவியைக் கையாடியது, பொருத்தாத தொலைபேசியைப் பொருத்தியதாகச் சான்று கொடுத்தது என்று மூன்று குற்றம். மூன்றாவதுக்கு ஆதாரமாக ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு தாள். 'தொலைபேசி பொருத்தப்பட்டது. நன்றாக வேலை செய்கிறது.' கீழே எழுத்து எழுத்தாக அவருடைய கையெழுத்து.

தோல் பையை ஒப்படைக்க எக்ஸ்சேஞ்சுக்குப் போனார். டெஸ்ட் டேபிளில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். குரலைக் கேட்டதும் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

"நீங்கதானா அது? குழந்தை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா."

அவர் உத்தரவை வாங்கிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பொருத்தலைன்னு போட்டிருக்காங்க. ஆனா அந்த ஊர் நம்பர் உயிரோடதான் இருக்கு. ஆறு வருஷமா திங்கக்கிழமை திங்கக்கிழமை நானே டெஸ்ட் பண்றேன். எடுக்கறவர் ஊர்னு சொல்லமாட்டார். மர ஆலைன்னுதான் சொல்வார்."

பள்ளத்தாக்கில் ஒரே ஒரு மர ஆலைதான் இருந்தது, இன்ஜினியருடைய மச்சினனுடையது. நெட்டை அங்கிருந்தே நடந்து போனார். வெட்டிய மரங்களுக்கு நடுவில் சின்ன ஆபீஸ். மேசைமேல் கறுப்பு ஃபோன். அதன் நடு வட்டத்தில் ஒட்டியிருந்த சீட்டில் மேட்டு ஊருக்கு ஒதுக்கிய ஃபோன் எண் மசியால் எழுதியிருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த கணக்கர் நல்ல மனிதர்.

"என்னங்க, பேசணுமா? பேசுங்க" என்று ஃபோனை அவர் பக்கம் நகர்த்தினார்.

"வேணாம்" என்று சொல்லிவிட்டு நெட்டை வெளியே வந்தார். ஆலை வாசலில் ஒரு மரத்துண்டின் மேல் உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. ஆலைச் சங்கு ஊதிய பிறகுதான் எழுந்தார்.

இன்ஜினியர் வீட்டில் அவரை உள்ளே கூப்பிடவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே வைத்துப் பேசினார்.

"அண்ணே, உங்கமேல போலீஸ் கேஸ் போடறதுன்னு இருந்தாங்க. ஜெயிலுக்குப் போகாம நிறுத்தினது யாருன்னு நினைக்கிறீங்க? நீங்க எங்க போனாலும் பிழைச்சுக்குவீங்க, கை வேலை தெரியும். எனக்கு இன்னும் இருபது வருஷம் சர்வீஸ் இருக்கு."

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். அந்த மூணு தாள நீட்டினீங்களே, அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?"

இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கேட்டைச் சாத்தினார்.

மனுப் போட்டார் நெட்டை. தாமே ஒப்புக்கொண்ட குற்றத்தை இப்போது மறுப்பதற்கு இடமில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. உண்மையைச் சொல்ல ஒரு நாள் இருந்தது. அந்த ஒரு நாளையும் அவர் அந்த மனிதனுக்கே கொடுத்திருந்தார்.

இவ்வளவுக்கும் பிறகு மேட்டுக்குப் போனால் ஆறுதல் கிடைக்கும் என்றுதான் மனைவியும் அவரும் கிளம்பினார்கள். அதற்கு முன்பே துறை ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். தொலைந்த கருவியைத் தேடுவதாகத் தச்சர் வீட்டுப் பரணைக் கவிழ்த்து, பெட்டிகளைக் கொட்டி, சான்றுத் தாளை ஊருக்கு நடுவில் படித்துக் காட்டியிருந்தார்கள். தச்சர் பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"மரத்த வாங்கிக் கொடுத்தீங்க. ஃபோன் வந்துடுச்சுன்னு எழுதியும் கொடுத்தீங்க" என்றார். "எவ்வளவு?"

நெட்டைக்கு முதலில் புரியவில்லை. "என்ன எவ்வளவு மச்சான்?"

"எவ்வளவுக்கு வித்தீங்க எங்கள?"

"மச்சான், அது வெறும் தாள். மேல ஒண்ணுமே எழுதல. ஃபோன் மர ஆலையில இருக்கு, நானே பார்த்துட்டு வரேன்..."

"விசாரணையில உடைஞ்சுபோச்சுன்னு சொன்னீங்களாம். இங்க மர ஆலைன்னு சொல்றீங்க. நாளைக்கு எங்க இருக்கும்?"

நெட்டைக்கு இப்போது புரிந்தது. எதைச் சொன்னாலும் இன்னொரு பொய் போலத்தான் இருக்கும். பக்கத்து வீட்டு வாசலில் கொழுந்தியாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நெட்டை அவளைப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தார். அவள் பிள்ளையின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இறங்கும் வழியெல்லாம் மனைவிதான் அழுதாள். "அவங்க எங்க ஆளுங்களே இல்லைங்க" என்றாள். நெட்டை, "கல்லு பார்த்து கால வை" என்று மட்டும் சொன்னார்.

அவர்கள் பெரிய நகரத்துக்குப் போனார்கள். ஆறு மாதம் கிடைத்த வேலையெல்லாம் செய்தார். பிறகு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டுக்கு வார்டு ஃபோன் இணைப்புப் போடும் வேலை கிடைத்தது. வேலை முடிந்ததும் அதைப் பார்த்துக்கொள்ள அவரையே வைத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே குடியிருக்க இரண்டு அறை. நன்றாகத்தான் இருந்தார். ஆனால் எந்தத் தாளை நீட்டினாலும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்துவிட்டு, காலியாக இருக்கும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். "சாருக்கு நோட்டீஸ் கொடுத்தா அடுத்த வாரம்தான் பதில் வரும்" என்று இளசுகள் சிரிப்பார்கள். இன்ஜினியர் பதவி உயர்ந்து உயர்ந்து, மாலையோடு ஓய்வு பெற்றார். அந்தப் புகைப்படம் வந்த செய்தித்தாளில் நெட்டையின் மனைவி அலமாரித் தட்டுக்கு விரிப்புப் போட்டாள்.

நெட்டை நகரத்துக்குப் போய் ஒன்பது வருடம் கழித்து மேட்டுக்கு ஃபோன் வந்தது. ஆலை நொடித்துப்போய் ஏலத்துக்கு வந்தபோது, இணைப்பைத் துண்டிக்க வந்த புது இன்ஜினியர் எண்ணைப் பார்த்திருக்கிறார். ஊர் எங்கே, எண் எங்கே என்று பழைய காகிதங்களைக் கிளறி, கடைசியில் அந்தக் கறுப்பு ஃபோனைக் கொண்டுபோய்த் தச்சரின் கூண்டிலேயே மாட்டிவிட்டார். நடந்ததையும் ஊரைக் கூட்டிச் சொன்னார்.

அதற்கு அடுத்த வருடம் தச்சர் கண்ணில் புரை வந்து நெட்டை வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்தார். நெட்டைதான் வார்டுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனார். மூன்று நாளும் சாப்பாடு கொண்டுபோனார், சொட்டு மருந்து போட்டார். ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் "மச்சான்" என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. "இந்தப் பக்கம் வாங்க", "தலைய அசைக்காதீங்க", அவ்வளவுதான். மூன்றாம் நாள் கட்டுப் போட்ட கண்ணோடு தச்சர் கேட்டார்:

"எல்லாம் தெரிஞ்சுபோச்சு மாப்ள. அந்தப் பாவி ஏமாத்தினதுக்கு என்னை ஏன் தள்ளி வைக்கறீங்க? மச்சான்னு ஒரு தடவ கூப்பிடக் கூடாதா?"

 நெட்டை தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"அவர் ஏமாத்தினார். அவர் வெளி ஆள். நீங்க என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டேனே மாப்ள."

"எவ்வளவுன்னுதான் கேட்டீங்க."

தச்சர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் பஸ் ஏற்றிவிட்டபோது மனைவியும் கூடப் போனாள். ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தாள். தங்கையின் பையன் பள்ளிக்கூடத்தில் முதலாவது என்று வந்து சொன்னாள். அதற்கப்புறம் ஞாயிறு காலைகளில் மேட்டிலிருந்து ஃபோன் வரும். ஆஸ்பத்திரி ஃபோன் போர்டிலிருந்து நெட்டையே வீட்டுக்கு இணைப்பைக் கொடுப்பார்.

"மாப்ள, நல்லா இருக்கீங்களா?" என்று தச்சரின் குரல் கேட்கும்.

"நல்லா இருக்கேன். லைன்ல இருங்க, அவளக் கூப்பிடறேன்" என்பார். மனைவி எடுத்ததும் தன் ரிசீவரை வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.